யாருடைய தேவை?

2003ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்ற ஊரில் பில்லோடெக்ஸ் பஞ்சாலை மூடப்பட்டது. துண்டும் படுக்கை விரிப்பும் நெய்துவந்த ஆலை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேனன் குடும்பம் அதைக் கட்டியபோது ஊரையும் சேர்த்தே கட்டியது; தொழிலாளர் குடியிருந்த வீடுகள்கூட வெகுகாலம் ஆலைக்கே சொந்தமாக இருந்தன. அந்த மூடலில் வட கரோலினாவில் மட்டும் ஏறக்குறைய 4,800 பேர் வேலை இழந்தார்கள். ஒரே வீச்சில் அத்தனை பேர் தெருவுக்கு வந்ததை அந்த மாநிலம் அதற்குமுன் கண்டதில்லை. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். முடிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவே இல்லை. பெற்றோரை வைத்துக்கொண்ட ஆலை பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது. எந்திரத்தை ஓட்டத் தெரிந்தால் போதும், வேறெதையும் அது கேட்கவில்லை. ஆலை போனபின் அவர்கள் சென்று நின்ற வாசல் ரோவன்-கபாரஸ் சமுதாயக் கல்லூரியுடையது. நடுவயதைத் தாண்டியவர்கள் அங்கே கணக்கும் கணினியும் கற்றார்கள். பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு இணையான தேர்வுக்குத் தயாரானார்கள்.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் இரண்டாண்டுப் படிப்புக்கான பொதுக் கல்லூரி. கட்டணம் குறைவு, நுழைவுத் தடை கிடையாது, பகலில் வேலைக்குப் போகிறவர் மாலையில் வந்து படிக்கலாம். 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களோடு தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளாகப் பரவியிருக்கிறது. இவற்றை விரிவுபடுத்தப் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்பதில் அங்கே இரு பெரிய கட்சிகளுக்கும் அதிகக் கருத்து வேறுபாடு இல்லை. காரணமாக இரு தரப்பும் சொல்வது ஒன்றே: தொழில்துறைக்குத் தேவையான ஆட்கள் வேண்டும். பணம் ஒதுக்க வேண்டும் என்பதை நானும் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தில் வரும் ‘தேவை’ என்ற சொல்லை நிறுத்தி விசாரிக்க வேண்டும். 2003 ஜூலை 29 வரை கன்னாபொலிஸில் ஆலையின் தேவையும் ஆலைத் தொழிலாளியின் தேவையும் ஒன்றுபோலத் தெரிந்தன. மறுநாள் முந்தையது மறைந்துபோயிற்று. பிந்தையது அப்படியே இருந்தது. வேலைப் பயிற்சிக்குச் செலவிடும் பொதுப்பணம் இந்த இரண்டில் எதற்குக் கடமைப்பட்டது? இதைப் பட்ஜெட் விவகாரமாக மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. மனிதனுக்கும் அவன் செய்யும் தொழிலுக்கும் என்ன உறவு என்ற பழைய கேள்வி இதற்கடியில் இருக்கிறது. சமயங்கள் அதை நெடுங்காலமாகச் சுமந்து வந்திருக்கின்றன; பலமுறை தடுக்கியும் விழுந்திருக்கின்றன.

உழைப்பு இழிவானது என்று கிரேக்கத் தத்துவம் கருதியது. கைத்தொழில் செய்பவர் நல்ல குடிமகனுக்குரிய பண்பை எட்ட முடியாது என்பது அரிஸ்டாட்டிலின் துணிபு. சமயங்கள் இதை மறுத்தன; அது அவற்றின் பெரிய கொடை. செருப்புத் தைப்பவரின் வேலையும் துறவியின் வழிபாடும் கடவுள் முன் ஒன்றே என்று மார்ட்டின் லூதர் போதித்தார். தொழிலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலேயே ‘அழைப்பு’ என்ற பொருள் ஏறியது அவருடைய விவிலிய மொழிபெயர்ப்பால்தான். நம் பெரியபுராணத்தின் அடியார் வரிசையிலும் குயவர் திருநீலகண்டர் இருக்கிறார், மீன்பிடிக்கும் அதிபத்தர் இருக்கிறார், நெய்யும் நேசர் இருக்கிறார், துணிவெளுக்கும் திருக்குறிப்புத் தொண்டர் இருக்கிறார். தொழில் பக்திக்குத் தடையில்லை, தொழிலே பக்தியின் வழி என்று சொல்லத் துணிந்த நூல் அது. ஆனால் மதிப்புத் தருவதோடு இந்த மரபுகள் நின்றுவிட்டன. கடவுள் அழைத்த நிலையிலேயே இரு என்பதும் லூதரின் போதனை. பிறன் கடமையை நன்றாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வதே மேல் என்ற கீதையின் கருத்தும், பிறப்பால் வந்த தொழிலில் ஒருவரைக் கட்டிவைக்கவே பெரிதும் பயன்பட்டது. தொழிலைப் போற்றுவதும் தொழிலாளியைப் பூட்டிவைப்பதும் ஒரே வாயிலிருந்து வர முடியும்.

இதற்கு நந்தனார் கதையைவிடக் கூர்மையான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆதனூரில் பிறந்த அவர் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் உழைப்பு கருவறை வரை போயிற்று. அவரோ வாசலுக்கு வெளியே நின்றார். தில்லைக்குள் நுழைய அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது பழைய உருவம் போய், பூணூல் அணிந்த முனிவராகத்தான் வந்தார். கோயிலுக்குத் தோல் தேவைப்பட்டது. தோலைக் கொண்டுவந்தவரின் தேவை என்னவென்று கேட்க அந்த அமைப்பில் யாருக்கும் கடமை இருக்கவில்லை. பக்தியின் உச்சமாக இந்தக் கதையை எத்தனை முறை வாசித்தாலும் இந்த முள் தைத்துக்கொண்டே இருக்கிறது. வேலைக்கு மதிப்புக் கொடுத்தால் போதும், வேலை செய்பவருக்கும் அதில் மதிப்பு வந்துவிடும் என்ற எண்ணம் தவறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கத்தோலிக்கச் சமூகப் போதனை இந்த இடத்தில் ஓரடி முன்னே போனது. 1981இல் போப் இரண்டாம் ஜான் பால் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், செய்யப்படும் வேலையையும் செய்யும் ஆளையும் பிரித்துப் பேசுகிறது. வேலைக்குக் கண்ணியம் வருவது அதைச் செய்பவர் மனிதர் என்பதால். ஆகவே வேலைதான் மனிதருக்காக, மனிதர் வேலைக்காக இல்லை என்பது அதன் சாரம். இயேசு சபையினர் முன்னின்று வளர்த்த இந்தியச் சமுதாயக் கல்லூரி இயக்கம், படிப்பை இடையில் விட்ட ஏழை இளைஞர்களைத் தேடிப் போனதில் இந்தச் சிந்தனையின் சாயலைக் காணலாம். அமெரிக்க மாதிரியைப் பார்த்து 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் அது தொடங்கியது.

இந்தப் போதனையைக் கல்விக்கும் பணத்துக்கும் பொருத்திப் பார்த்தால் ஒரு சோதனை கிடைக்கிறது. என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. ஒரு தொழிலுக்குப் பயிற்சி தருவது, அந்தத் தொழிலை விட்டுப் போகும் வலிமையையும் சேர்த்துத் தருகிறதா? தந்தால் அது ஆளுக்குச் செய்த செலவு. தராவிட்டால், எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும், அது காலியிடத்துக்குச் செய்த செலவு. தமிழ் வாசகருக்கு இந்தச் சோதனை புதிதில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். கைத்தொழிலுக்கு மதிப்பு என்பது அதற்குச் சொன்ன நியாயங்களில் ஒன்று. கையிலிருக்கும் பணத்தில் அதிகப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது இன்னொன்று. குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் தொழிலை இழிவாக நினைத்தவர்கள் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தொழில் செய்து பிழைத்தவர்கள். வெளியே போகும் வாசல் அடைக்கப்படுவதைத்தான் அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இதே சண்டை அமெரிக்காவில் 1915இல் நடந்தது. தொழிற்கல்விக்குத் தனிப் பள்ளி, தனி நிர்வாகம் வேண்டும், தொழில்துறைக்கு ஏற்பப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும் என்றார் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடன். அதை மறுத்தவர் தத்துவவாதி ஜான் டூயி. தொழில் வழியாகக் கற்பதை டூயி அளவுக்கு வாழ்நாள் முழுக்க வற்புறுத்தியவர் குறைவு. ஆனால் ஒரு பிள்ளையை ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று முன்கூட்டியே செதுக்குவதை அவர் ஏற்கவில்லை. இருக்கிற தொழில் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் மனிதரைப் பொருத்துவது கல்வியின் வேலை இல்லை, அந்த அமைப்பை மாற்றும் அறிவும் தொழிலாளிக்கு வேண்டும் என்பது அவர் நிலை. அந்த விவாதத்தில் டூயி வென்றார் என்று பலர் கருதினாலும் பணம் ஸ்னெடன் பக்கம் போனது. 1917இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் தொழிற்கல்விக்குத் தனியாக நிதி ஒதுக்கி, அதைப் பொதுக் கல்வியிலிருந்து பிரித்து வைத்தது.

வட கரோலினாவுக்கே திரும்பலாம். அங்கே இந்தக் கேள்வி ஒரு மாநிலத்தின் வரலாறாகவே நடந்தது. 1950களின் பிற்பாதியில் ஆளுநர் லூதர் ஹாட்ஜஸ் புதிய ஆலைகளை மாநிலத்துக்கு ஈர்க்க விரும்பினார். தொழிலாளருக்கு அரசுச் செலவில் பயிற்சி தரும் தொழிற்கல்வி மையங்கள் அப்போது உருவாயின. மாநிலக் கல்வி வாரியத் தலைவராக இருந்த டாலஸ் ஹெரிங், மையங்கள் அந்த அளவில் நின்றுவிடக் கூடாது என்று கருதினார். அவரே ஒரு தொழிலதிபர். வெல்டிங் கற்க வருகிறவர் விரும்பினால் இலக்கியமும் வரலாறும் படிக்க வேண்டும், பல்கலைக்கழகத்துக்குப் போக வழி வேண்டும், எழுத்தறியாதவருக்கும் அதே கட்டடத்தில் இடம் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1963ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் மையங்களையும் இளநிலைக் கல்லூரிகளையும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தது. இன்று 58 கல்லூரிகள். நாற்பது ஆண்டு கழித்துக் கன்னாபொலிஸ் தொழிலாளர் வந்து நின்றபோது அடிப்படைக் கணக்கு சொல்லித்தர ஒரு வகுப்பறை இருந்தது என்றால், அதன் வேர் அந்தப் பிடிவாதத்தில் இருக்கிறது. ஆலைக்கு ஆள் தயார்செய்யும் மையமாக மட்டும் அது இருந்திருந்தால், ஆலையோடு அதுவும் வேலையிழந்திருக்கும்.

பணம் எப்படிப் பகிரப்படுகிறது என்பதில்தான் தத்துவம் நடைமுறையாகிறது. செவிலியர் வகுப்புக்குச் சில மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், மருத்துவமனையில் பயிற்சி இடம் வேண்டும். வெல்டிங் வகுப்புக்குக் கருவியும் உலோகமும் வாயுவும் தீர்ந்துகொண்டே இருக்கும். வரலாற்று வகுப்புக்கு நாற்பது நாற்காலி போதும். எல்லாப் பாடத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்று அரசு ஒரே அளவாகக் கொடுத்தால், கல்லூரி எதை விரிவுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. செவிலியர் படிப்புக்கு மாணவர் காத்துக்கிடக்க இடங்கள் கூடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். கட்டடச் செலவை வட கரோலினாவில் பெரும்பாலும் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்கள் ஏற்கின்றன; வசதியான கவுண்டியின் கல்லூரிக்குக் கிடைப்பது வறிய கவுண்டியின் கல்லூரிக்குக் கிடைக்காது. இன்னொரு கொடுமை, தேவை பெருகும் காலத்தில்தான் பணம் சுருங்குகிறது. பொருளாதாரம் விழும்போது வேலையிழந்தவர்கள் கல்லூரிக்கு ஓடிவருகிறார்கள். அதே நேரத்தில் மாநில வருவாயும் விழுகிறது. 2008க்குப் பின் கலிபோர்னியா தன் சமுதாயக் கல்லூரிகளுக்கான நிதியை வெட்டியபோது வகுப்புகள் குறைந்தன. மாணவர் தொகை மூன்றே ஆண்டில் ஏறக்குறைய 29 லட்சத்திலிருந்து 24 லட்சமாக இறங்கியது. கற்க விருப்பமில்லாமல் அவர்கள் போகவில்லை; உட்கார இடமில்லாமல் போனார்கள்.

தலைக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாற்றாக, விளைவுக்கு இவ்வளவு என்ற முறை இப்போது பரவுகிறது. டெக்சஸ் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் கல்லூரி நிதியின் பெரும்பகுதியைப் படிப்பு முடித்தவர்களின் எண்ணிக்கையோடு இணைத்தது. அதற்காக இரண்டாண்டுக்கு 68.3 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியது. நல்ல நோக்கம்தான். பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்பவரையும் அது கணக்கில் சேர்க்கிறது, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு என்பதை அது ஊதியத்தை வைத்து அளக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிக்குப் படித்தவரையும் முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டும் பணிக்குப் படித்தவரையும் நினைத்துப் பாருங்கள். சமூகம் அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கிறது. அதையே காரணமாக்கி அவர்கள் படிப்பும் மதிப்புக் குறைந்ததாகிறது. சந்தையின் ஓர் அநீதியை நிதிச் சூத்திரத்துக்குள் எழுதிவைப்பது இது. அந்தக் குழந்தைக்கும் முதியவருக்கும் இருக்கும் தேவை, ‘தொழில்துறையின் தேவை’ என்ற சொற்றொடருக்குள் நுழையவே முடியவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பசித்தவருக்கு இலக்கியம் எதற்கு? இரண்டு குழந்தைகளோடு தனியாக இருக்கும் தாய்க்கு மூன்று மாதத்தில் ஒரு வேலை வேண்டும். அவளிடம் போய் முழுமனித வளர்ச்சி, பல்கலைக்கழக வாசல் என்று பேசுவது வசதியுள்ளவரின் ஆணவம் ஆகாதா? இந்த மறுப்பை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். அவள் கேட்பது குறுகிய பயிற்சி என்றால் அதை அவளுக்குத் தரவேண்டும். ஆனால் மாணவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் சேர்பவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் நான்காண்டுப் பட்டம் பெறவே விரும்புவதாகச் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். ஆறாண்டுக்குள் பட்டம் பெறுபவர் 16 விழுக்காடு அளவில்தான். ஏழை மாணவர் குறுகிய பயிற்சியைத்தான் விரும்புகிறார் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள், இந்த 80 விழுக்காட்டின் குரலை முதலில் கேட்க வேண்டும். 1960இலேயே சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், மாணவரின் பெரிய ஆசையை மெல்ல மெல்ல ஆறவைத்துச் சிறிய இலக்குக்குச் சம்மதிக்கச் செய்யும் இடமாகவும் இந்தக் கல்லூரிகள் இயங்குகின்றன என்று எழுதினார். அப்படிப் பெறப்பட்ட சம்மதத்தை விருப்பம் என்று கொள்வது சரியில்லை.

அவர்களால் முடியாமல்தான் நிற்கிறார்கள், திறமை அவ்வளவுதான் என்பார்கள் சிலர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ஒரு திட்டம் இதற்கு விடை சொல்கிறது. முழுநேரம் படிக்க ஒப்புக்கொள்ளும் ஏழை மாணவருக்கு உதவித்தொகை போக மீதமிருந்த கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். பாடநூலும் பேருந்து-ரயில் பயண அட்டையும் கொடுத்தார்கள். சில மாணவரை மட்டும் கவனிக்கும் ஆலோசகரை அமர்த்தினார்கள். மாணவரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தபோது, மூன்றாண்டுக்குள் பட்டயம் பெற்றவர் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு, இல்லாதவர்களில் 22 விழுக்காடு. தலைக்கு ஆன செலவு கூடியது. ஆனால் ஒரு பட்டயத்துக்கு ஆன செலவு குறைந்தது. இரு குழுவினரும் ஒரே ஊர், ஒரே வறுமை, ஒரே திறமை. வேறுபாடு பயண அட்டையிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏன் நேற்று வரவில்லை என்று விசாரிக்கும் ஓர் ஆளிலும் இருந்தது. காலியிடத்தைப் பார்த்துச் செலவிடுகிற திட்டம் பயண அட்டையை வீண்செலவு என்று வெட்டும்; ஆளைப் பார்த்துச் செலவிடுகிற திட்டம் அதை முதலில் எழுதும்.

வரி கொடுப்பவர் தரப்பிலிருந்தும் ஒரு கேள்வி வரும்: வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லாத படிப்புக்கு ஏன் பணம் தர வேண்டும்? நியாயமான கேள்விதான், எந்த வேலையும் கிடைக்காத சான்றிதழை விற்பது மாணவரை ஏமாற்றுவது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இந்தக் கேள்வியை முதலாளிகளிடமும் கேட்க வேண்டும். புதிய வேலைகளை உருவாக்கும் நிறுவனம் தன் ஆட்களுக்கான தனிப்பயிற்சியை வட கரோலினாவின் கல்லூரிகளில் அரசுச் செலவிலேயே பெறலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே எந்திரத்துக்குப் பழக்கும் பயிற்சியின் பயன் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே சேரும். அதன் செலவை அது ஏற்பதுதான் முறை. எங்கு போனாலும் கூடவே வரும் கல்விக்குப் பொதுப்பணம், இடத்தை விட்டால் உதிர்ந்துவிடும் பழக்கத்துக்கு முதலாளியின் பணம் என்று பிரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. கோட்டை எங்கே போடுவது என்பதில் சச்சரவு வரலாம். கோடு வேண்டும் என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, பள்ளிக்குப் பின்னான இரண்டாண்டுக் கல்வி எல்லாருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று 1947இல் பரிந்துரைத்தது. தொழிற்பயிற்சியும் பொதுக் கல்வியும் பின்னிக் கிடக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் பார்வை. எண்பது ஆண்டு ஆகப்போகிறது. டென்னசி மாநிலம் 2014இல் லாட்டரி நிதியைக் கொண்டு அதைத் தன் எல்லைக்குள் செய்யத் தொடங்கியது. நாடு தழுவிய திட்டம் 2021இல் பைடன் ஆட்சியில் பேச்சுவார்த்தையிலேயே கைவிடப்பட்டது. நாடாளுமன்றத்தில் நிறைவேறியது வேறொன்று: 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகையை எட்டு வாரம் முதல் பதினைந்து வாரத்துக்குட்பட்ட வேலைப் பயிற்சிகளுக்கும், 2026 ஜூலை 1 முதல், நீட்டிக்கிறது. அவசரமாக வேலை வேண்டும் என்கிற தாய்க்கு இது உண்மையில் உதவக்கூடும். அதை மனமார வரவேற்கிறேன். அந்தச் சட்டம் பயிற்சி மையங்களுக்கு விதிக்கும் நிபந்தனைகளில் இரண்டு விதத்தை இங்கே கவனிக்க வேண்டும். பயிற்சியில் சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டினர் அதை முடிக்க வேண்டும், முடித்தவர்களில் 70 விழுக்காட்டினருக்கு ஆறு மாத அளவில் வேலை கிடைத்திருக்க வேண்டும் என்பவை ஒரு விதம். பெற்ற சான்றிதழ் பொதுவாக வேறு முதலாளியிடமும் செல்ல வேண்டும், மேற்படிப்புக்குச் சேரும்போது அந்தப் பயிற்சி கிரெடிட்டாகக் கணக்கில் வரவேண்டும் என்பவை இன்னொரு விதம். முதல் விதத்துக்கு இலக்கு உண்டு, தவறினால் பணம் நிற்கும். எட்டு வாரம் படித்தவர்களில் எத்தனை பேர் பிற்பாடு அந்த கிரெடிட்டோடு மீண்டும் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் எந்த எண்ணும் இல்லை.